பால்கோவாவின் நிறமும் ரத்தத்தின் சர்க்கரையும்

ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் ‘ஹெச்பிஏ1சி’ என்ற வரியைத் தேடிப் பார்க்கும் வீடுகள் தமிழ்நாட்டில் நாளுக்கு நாள் கூடுகின்றன. வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று எடுக்கும் சர்க்கரை அளவு அந்த நேரத்து நிலவரத்தை மட்டும் சொல்லும். முந்தின நாள் வாயைக் கட்டினால் அந்த எண் இறங்கிவிடும். ஹெச்பிஏ1சி-யிடம் அது நடக்காது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உடம்புக்குள் என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிக் காட்டிவிடும். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. தமிழ்நாட்டின் பங்கு, வயது வந்தவர்களில் 14.4 சதவீதம்.

இத்தனை பேர் அறிந்த அந்த எண் எதை அளக்கிறது? ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரையை அது தொடுவதே இல்லை. சர்க்கரை போய் ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின் நூற்றுக்கு எவ்வளவு என்று எண்ணுகிறது. சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் குளுக்கோஸில் நனைந்தபடி ஓடும் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை மெல்ல மெல்ல ஏறும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஏற்றமும் கூடும். (ரத்தசோகை உள்ளவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் சற்றுக் கூடுதலாகவும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைவாகவும் காட்டும்.)

இதைக் கண்டறிந்தவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பார். 1960-களில் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டு வகை பிரித்துக்கொண்டிருந்தார். சிலருடையதில் வழக்கத்துக்கு மாறாக வேகமாக ஓடும் ஒரு கீற்று தெரிந்தது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. தொடர்ந்து சோதித்த 47 சர்க்கரை நோயாளிகளிடமும் அதே கீற்று. 1968-இல் இதை வெளியிட்டார். 1976-இல் அமெரிக்காவில் ஆன்டனி செராமியின் குழு, மருத்துவமனையில் வைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த ஐந்து நோயாளிகளிடம் இந்த அளவு சராசரியாக 9.8 சதவீதத்திலிருந்து 5.8-க்கு இறங்கியதைக் காட்டியது. அதன் பிறகுதான் ஆய்வக விநோதமாக இருந்த அந்தக் கீற்று, உலகம் முழுவதும் மருத்துவர்கள் கேட்கும் பரிசோதனையாக வளர்ந்தது.

சர்க்கரை எப்படி ஒட்டுகிறது? குளுக்கோஸ் மூலக்கூறு பெரும்பாலும் வளையமாகச் சுருண்டு கிடக்கும். லட்சத்துக்கு இரண்டு மூலக்கூறுகள்தான் ஏதாவதொரு கணத்தில் வளையம் அவிழ்ந்து நீண்டிருக்கும். அப்படி நீண்ட நிலையில் அதன் முனையிலுள்ள ஆல்டிஹைடு, புரதத்தின் அமினோ முனையைக் கண்டால் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நொதி வேண்டாம், உடம்பின் உத்தரவு வேண்டாம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். உயிர்களின் ரத்தத்தில் ஓட ஏன் குளுக்கோஸ் வந்தது என்ற கேள்விக்கு ஃபிராங்க்ளின் பன், பால் ஹிக்கின்ஸ் என்ற இருவர் 1981-இல் சொன்ன விடை இதையொட்டியதே. ஆறு கார்பன் சர்க்கரைகளுக்குள் அவிழ்ந்த நிலையில் மிகக் குறைவாக இருப்பது குளுக்கோஸ். ஆகவே புரதத்தைக் கெடுப்பதும் குறைவு என்றார்கள். ஃப்ரக்டோஸ் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஒட்டும்.

முதலில் உண்டாகும் பிணைப்பு திரும்பப் பிரியக்கூடியது. சில நாட்களில் அது தன்னைத் திருத்திக்கொண்டு உறுதியாகிறது. லைசின் என்ற அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் ஒட்டி இந்த நிலைக்கு வந்தால் அதன் பெயர் ஃப்ரக்டோஸ் லைசின். இன்னும் காலம் போகப்போக இது சிதைந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து, திரும்ப வழியில்லாத சேர்மங்களாகிவிடுகிறது. அவற்றை முற்றிய சர்க்கரையேற்றப் பொருள்கள் என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் ‘ஏஜிஇ’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். அதிகம் அளக்கப்படுவது கார்பாக்சிமெத்தில் லைசின், சுருக்கமாக சிஎம்எல். தோலிலுள்ள கொலாஜன் பாதி புதுப்பிக்கப்படவே பதினைந்து ஆண்டு போல ஆகும். மூட்டுக் குருத்தெலும்பிலோ ஓர் ஆயுட்காலமே போதாது. இப்படி நீண்ட நாள் இருக்கும் புரதங்களில்தான் ஏஜிஇ சேர்ந்துகொண்டே போகிறது. ரத்தக்குழாய் விறைப்பது, கண் வில்லை மங்குவது, சிறுநீரகத்தின் வடிகட்டி தடிப்பது என்று சர்க்கரை நோயின் நெடுநாள் சேதங்களில் இதற்குப் பங்கு உண்டு. செல்களின் மேற்பரப்பில் இதை உணரும் ஏற்பி ஒன்றும் 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது தூண்டப்பட்டால் அழற்சி கிளம்பும்.

இதுவரை சொன்னது உடம்புக்குள்ளேயே நடப்பது. அதே வேதிவினை அடுப்பிலும் நடக்கிறது, அதுவும் பல ஆயிரம் மடங்கு வேகத்தில். ஃபிரான்ஸைச் சேர்ந்த லூயி காமில் மயார் 1912-இல் அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கி, கலவை பழுப்பாவதைப் பதிவுசெய்தார். வினைக்கு அவர் பெயரே நிலைத்தது. நாம் நாக்கால் அறிந்த பல சுவைகள் மயார் வினை தந்தவை: தோசையின் மொறுமொறுத்த பக்கம், வறுத்த காப்பிக்கொட்டை, ரொட்டியின் மேலோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதற்குக் கச்சிதமான சான்று. பால் மணிக்கணக்கில் சுண்டும்போது பாலிலேயே உள்ள லாக்டோஸ், பால் புரதத்தின் லைசினைப் பிடித்துக்கொள்கிறது. வெளிர் மரநிறமும் அந்த மணமும் அதிலிருந்து பிறக்கின்றன. அள்ளிப் போடும் வெள்ளைச் சர்க்கரைக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. சுக்ரோஸின் இரண்டு பாதிகளும் தங்கள் வினைபுரியும் முனையைக்கொண்டே ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால், உடைந்தாலொழிய அது புரதத்தைப் பிடிக்காது.

ஆக, சர்க்கரை ஒட்டிய புரதம் நமக்கு இரண்டு வழியாக வருகிறது. ரத்தத்தில் நாமே உண்டாக்கிக்கொள்வது ஒன்று. தட்டில் வருவது இன்னொன்று. தட்டில் வருவதன் கதையைக் குடல் பாக்டீரியாவை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது. சர்க்கரை நோய் பற்றிப் பொதுவில் நடக்கும் பேச்சில் இந்தப் பாதி அநேகமாக இடம்பெறுவதில்லை என்பதே இதை எழுதத் தூண்டியது.

வறுத்த ஒரு கவளம் வயிற்றுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். செரிமான நொதிகள் புரதத்தை நறுக்குகின்றன. ஆனால் சர்க்கரை ஒட்டிய லைசின் இருக்கும் இடத்தில் வெட்டு சரியாக விழாது. சிறுகுடல் சுவரில் சாதாரண அமினோ அமிலங்களை உள்ளே இழுக்கும் கடத்திகளும் ஃப்ரக்டோஸ் லைசினை எளிதில் ஏற்பதில்லை. உணவிலுள்ள ஏஜிஇ-யில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் ரத்தத்தில் சேர்கிறது என்று 1997-இல் வெளியான மனித ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மீதி பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருப்பவை நம் உடம்பில் வாழும் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களில் பெரும்பான்மை.

ஃப்ரக்டோஸ் லைசினை மனிதர்களுக்குக் கொடுத்துச் சிறுநீரிலும் மலத்திலும் தேடிய பழைய ஆய்வுகளுக்கு ஒரு கணக்கு நெடுநாள் இடித்தது. உள்ளே போனதில் சிறு பகுதிதான் வெளியே வந்தது. உடம்பு அதை எரித்ததற்கும் தடயம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்றுவிட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். தின்றது எது, எப்படி என்பது 2002-இல் ஒரு நல்ல இடத்தில் தெளிவானது: உயிரியல் ஆய்வகங்களின் பழம்பெரும் வேலைக்காரனான ஈ. கோலியில். பெல்ஜியத்தில் எமில் வான் ஷாஃப்டிங்கனின் குழு, ஈ. கோலியின் மரபணுத் தொகுதியில் அடுத்தடுத்து அமைந்த சில மரபணுக்கள் இந்த ஒரே வேலைக்காக இருப்பதைக் காட்டியது. ஒரு புரதம் ஃப்ரக்டோஸ் லைசினை செல்லுக்குள் இழுக்கிறது. இரண்டாவது நொதி அதன் ஆறாவது கார்பனில் பாஸ்பேட் ஒன்றைச் சூட்டுகிறது. மூன்றாவது நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பக்கம் லைசின் அப்படியே மீள்கிறது. மறுபக்கம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட், பாக்டீரியா உடனே எரித்துக்கொள்ளும் எரிபொருளாகிறது.

இதே வான் ஷாஃப்டிங்கனின் ஆய்வகம் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நம் உடம்பிலும் இதற்கு இணையான நொதி ஒன்றைப் பிடித்திருந்தது. மனிதச் சிவப்பணுக்களில் உள்ள அது, ஒட்டிய சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் பாஸ்பேட் ஏற்றும். உடனே அந்தப் பிணைப்பு நிலைகுலைந்து, சர்க்கரை தானாகக் கழன்று விழும். ஒட்டிய சர்க்கரையைத் திரும்ப எடுக்க உடம்புக்கு வழியே இல்லை என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்தக் கூற்று பாதி உடைந்தது. பாதிதான், ஏனென்றால் இந்த நொதி லைசின்களில் ஒட்டியதைத்தான் பெரும்பாலும் எடுக்கிறது. ஹெச்பிஏ1சி-யாக நாம் அளக்கும், ஹீமோகுளோபின் சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வாலினில் ஒட்டியதை விட்டுவிடுகிறது. மனிதனும் பாக்டீரியாவும் ஒரே சிக்கலுக்குத் தனித்தனியாகத் தீர்வு கண்டிருப்பதைப் படிக்கும்போது எனக்கு மலைப்பு வருகிறது. நமக்கு அது பழுதுபார்க்கும் வேலை, பாக்டீரியாவுக்கோ சாப்பாடு.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் வில்லெம் டி வோஸின் குழுவோடு பணியாற்றிய வியட்நாமியரான புயி தி ஃபுவாங் நாம் என்பவர் 2015-இல் இன்னும் சுவையான ஒன்றைக் கண்டார். மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்த ‘இன்டெஸ்டினிமோனாஸ்’ என்ற பாக்டீரியா, ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஃப்ரக்டோஸ் லைசினைத் தின்று பியூட்டிரேட்டை வெளியிட்டது. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே எடுக்கின்றன. செல்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கவும், அழற்சியைத் தணிக்கவும் அது உதவுகிறது. பொதுவாக நார்ச்சத்து நொதிக்கும்போது வருவது பியூட்டிரேட். இங்கே, அடுப்பில் சர்க்கரை ஒட்டிக் கெட்டுப்போனதாகக் கருதப்பட்ட புரதத் துண்டிலிருந்தே அது கிடைக்கிறது.

அதே குழு பின்னர் குழந்தைகளைப் பார்த்தது. தாய்ப்பாலில் ஃப்ரக்டோஸ் லைசின் மிகக் குறைவு. புட்டிப்பால் மாவு தயாரிப்பில் பல கட்டங்களில் சூடேறுவதால் அதில் நிறைய இருக்கும். 2020-இல் வெளியான முடிவின்படி, இன்டெஸ்டினிமோனாஸ் வகையைச் சேர்ந்த, ஃப்ரக்டோஸ் லைசினைப் பியூட்டிரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் புட்டிப்பால் குடித்த குழந்தைகளிடம் முக்கிய இடம் பிடித்திருந்தன. எந்த உணவு வருகிறதோ அதைத் தின்னத் தெரிந்தவை குடியேறுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. இதை வைத்துப் புட்டிப்பாலுக்குச் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. தாய்ப்பாலில் குழந்தையின் குடல் பாக்டீரியாவுக்கென்றே அமைந்த சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றின் பலன் வேறு தரம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டனின் குழு 2019-இல் இன்னொரு பாக்டீரியாவைச் சுட்டியது: ‘காலின்செல்லா இன்டெஸ்டினாலிஸ்’. பிறந்ததிலிருந்து கிருமியே படாத எலிகளின் குடலில் தேர்ந்தெடுத்த மனித பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றிச் செய்த சோதனை அது. காலின்செல்லா இருந்தால் ஃப்ரக்டோஸ் லைசின் தீங்கற்ற பொருள்களாக உடைந்தது. இந்தத் திறனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே வடையைத் தின்ற இரண்டு பேரின் பெருங்குடலில் அந்த வடைக்கு நேர்வது ஒன்றாக இருக்காது.

முற்றிப்போன சிஎம்எல்-ஐ உடைப்பது இன்னும் கடினம். மனிதக் குடல் பாக்டீரியாக்களில் சில அதையும் ஆக்சிஜன் இல்லாமல் சிதைக்கின்றன என்று 2019-இல் வாகனிங்கன் குழு காட்டியது. ஆனால் அந்த வேலை மெதுவாக நடக்கிறது, எல்லாவற்றாலும் முடிவதுமில்லை.

பாக்டீரியாக்கள் எல்லாம் நமக்குத் துப்புரவு செய்யவே காத்திருக்கின்றன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஆமரின் குழு 2014-இல் சால்மொனெல்லாவில் கண்டது இதற்கு எதிர்ப்பக்கம். லைசினுக்குப் பதில் அஸ்பராஜினில் சர்க்கரை ஒட்டினால் வருவது ஃப்ரக்டோஸ் அஸ்பராஜின். சமைத்த, உலர்த்திய உணவுகளில் இது இருக்கிறது. அழற்சி கொண்ட குடலில் பெருகும்போது சால்மொனெல்லாவுக்கு முதன்மையான ஊட்டமே இந்தப் பொருள்தான். அதை உடைக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டால் அந்தக் கிருமி எலியின் குடலில் தள்ளாடிப்போனது. பாக்டீரியாவின் நொதிக்கு நம் நலத்தில் அக்கறை கிடையாது. தின்பவர் யார், அவர் என்ன கழிக்கிறார் என்பதைப் பொறுத்தே நமக்கு லாபமும் நட்டமும்.

ஃப்ரக்டோஸ் விஷயத்திலும் இதே பாடம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ராபினோவிட்ஸின் ஆய்வகம் 2018-இல் எலிகளில் காட்டியதன்படி, சிறிதளவு ஃப்ரக்டோஸைச் சிறுகுடலே பெரும்பாலும் குளுக்கோஸாக மாற்றி அனுப்பிவிடுகிறது. ஒரே மூச்சில் நிறைய வந்தால் சிறுகுடல் திணறுகிறது. மிச்சம் கல்லீரலுக்கும் பெருங்குடலுக்கும் வழிகிறது. 2020-இல் அடுத்த கண்ணி கிடைத்தது: பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த ஃப்ரக்டோஸை அசிட்டேட்டாக்குகின்றன, அது ரத்தத்தில் ஏறிக் கல்லீரலை அடைந்து அங்கே கொழுப்பாகிறது. நார்ச்சத்திலிருந்து மெல்ல வரும் அசிட்டேட்டை நல்லது என்று கொண்டாடுகிறோம். குளிர்பானத்தைக் கடகடவென்று குடித்த பின் வெள்ளமாக வருவதும் அதே மூலக்கூறுதான்.

இனி குடல் சுவருக்கு வருகிறேன். என் பார்வையில் இந்த விவகாரத்தின் நடுநாயகம் அதுவே. 2022-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு ஒன்று வயதான எலிகளின் மூளையை ஆராய்ந்தது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாக்கள் வயதாகும்போது சோர்கின்றன; ஆற்றல் குறைந்து, ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. கிருமியற்ற சூழலில் வளர்ந்து முதிர்ந்த எலிகளிடம் இந்தச் சோர்வு குறைவாக இருந்தது. என்ன வேறுபாடு என்று ரத்தத்தையும் மூளைத் திசுவையும் அலசியபோது கிடைத்த மூலக்கூறு சிஎம்எல். குடல் பாக்டீரியா உள்ள வயதான எலிகளில் அது சேர்ந்திருந்தது. மனிதர்களின் ரத்தத்திலும் மூளையிலும் வயதோடு அது கூடுவதையும் அதே குழு சரிபார்த்தது. காரணமாக அவர்கள் காட்டியது குடல் சுவரின் கசிவு. முதுமையில் பாக்டீரியாக்களின் கூட்டமைப்பு மாறி, செல்களின் இணைப்புகள் நெகிழ்ந்து, வெளியே நிற்க வேண்டிய சிஎம்எல் உள்ளே புகுந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து 2021-இல் வந்த ஆய்வு இதோடு பொருந்துகிறது. மெலிண்டா கோக்லனின் குழு, எலிகளுக்கு ஒரே உணவைச் சூடேற்றாமலும், நன்றாகச் சுட்டும் மாதக்கணக்கில் கொடுத்தது. சுட்ட உணவு தின்றவற்றின் குடல் கசிந்தது, அழற்சியைக் கிளப்பும் ரத்தப் புரதங்கள் விழித்தன, சிறுநீரகம் சேதமானது. அதே சுட்ட உணவோடு செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது குடலும் சிறுநீரகமும் பெருமளவு காக்கப்பட்டன. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாக்களுக்கு உணவாகும் மாவுச்சத்து அது. பச்சை வாழைக்காயிலும் பருப்பு, பயறு வகைகளிலும் உண்டு. வடித்து ஆறவைத்த சோற்றில் சூடான சோற்றைவிடக் கூடும். பழைய சோற்றுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. ஆனால் கூடுவது கொஞ்சம்தான். சர்க்கரை நோயாளிக்குப் பழைய சோறும் சோறுதான்; அளவு மீறினால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

எலிக்கு நடந்தது மனிதனுக்கு நடக்குமா? சென்னையிலேயே ஒரு சோதனை நடந்தது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2024-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 38 பேர் கலந்துகொண்டார்கள். பன்னிரண்டு வாரம் ஒரு வகைச் சாப்பாடு, இடைவெளி விட்டுப் பன்னிரண்டு வாரம் மற்ற வகை. ஒன்று வேகவைத்தும் ஆவியில் அவித்தும் சமைத்தது. மற்றொன்று பொரித்து, வறுத்து, சுட்டுச் சமைத்தது. வேகவைத்த சாப்பாட்டுக் காலத்தில் ரத்தத்தில் ஏஜிஇ குறைந்தது, அழற்சிக் குறிகள் தணிந்தன, இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. ஆனாலும் ஒரே ஆள் இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்த சோதனை என்பதால் இதற்கு எடை உண்டு. இட்லியும் புட்டும் இடியாப்பமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக எதையும் கைவிடச் சொல்லவில்லை. நீராவி நூறு டிகிரியைத் தாண்டாது, ஈரமும் கூடவே இருக்கும். மயார் வினை அங்கே வேகம் பிடிக்காது. வடைச் சட்டியின் எண்ணெய் 170, 180 டிகிரி வரை சூடேறுகிறது, மேற்பரப்பும் உலர்ந்துவிடுகிறது.

எந்த உணவில் எவ்வளவு ஏஜிஇ என்ற பட்டியல்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 2010-இல் வெளியிட்ட 549 உணவுகளின் பட்டியல். அந்தக் குழு அளந்த முறை கொழுப்பு மிகுந்த உணவுகளில் மிகையாகக் காட்டுகிறது என்று வேதியியலாளர்கள் பலர் சுட்டியிருக்கிறார்கள். ஆகவே எண்ணுக்கு எண் நம்ப வேண்டியதில்லை. வறண்ட சூடு ஏஜிஇ-யைக் கூட்டும், ஈரச் சூடு குறைக்கும், சமைக்கும் முன் இறைச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பிசறி ஊறவைத்தால் குறையும் என்ற திசை மட்டும் உறுதியானது.

இந்த ஆய்வுகள் வெளிவந்ததும் வியாபாரமும் விழித்துக்கொள்கிறது. சர்க்கரையை ‘உண்ணும்’ நல்ல பாக்டீரியா மாத்திரை என்று எழுதிய புட்டிகளுக்குப் பணம் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் புரோபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகையறா. இந்தக் கட்டுரையில் சொன்ன இன்டெஸ்டினிமோனாஸ் ஆக்சிஜன் பட்டால் வாடும் வகை. அதைக் கேப்சூலில் அடைத்து விற்பது எளிதில்லை. உள்ளே போனாலும் ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு போட்டியிட்டு இடம் பிடிக்க வேண்டும், பிடித்த பின் அதற்குத் தீனி வேண்டும். தீனியைத் தட்டிலிருந்தே கொடுக்கலாம் என்பதால், முளைகட்டிய பயறுக்கும் கீரைக்கும் அவரைக்காய்க்கும் செலவிடும் காசை அந்தப் புட்டிகளுக்குச் செலவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இனிப்பான பானங்களைக் குறைப்பது இதற்கெல்லாம் முந்தி வரும். குடலில் வெள்ளமாகப் போகும் ஃப்ரக்டோஸையும், ரத்தத்தில் உயரும் குளுக்கோஸையும் ஒரே அடியில் தணிப்பது அதுதான். மருத்துவர் எழுதிய மாத்திரையையோ இன்சுலினையோ இதில் எதுவும் ஈடுசெய்யாது.

ஒரு கூட்டத்தாருக்கு இது ஆராய்ச்சிச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை: சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு. ரத்தத்தில் ஏறிய ஏஜிஇ துண்டுகளைச் சிறுநீர் வழியாகக் கழிப்பது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்தால் உள்ளே வருவது கொஞ்சமேயானாலும் வெளியேறாமல் தேங்கும். தேங்கியது மீதமிருக்கும் சிறுநீரகத்தை மேலும் அரிக்கும். அவர்களிடம் குடல் பாக்டீரியாக்களின் கூட்டமைப்பும் மாறிவிடுகிறது, குடல் சுவரும் நெகிழ்கிறது. நார்ச்சத்து மிகவும் தேவைப்படுவது அவர்களுக்கே. ஆனால் கீரை, வாழைக்காய், பயறு என்று நார்ச்சத்துக்கு நாம் கைகாட்டும் பலவற்றில் பொட்டாசியமும் மிகுதி. பழுதான சிறுநீரகத்தால் அதைக் கழிக்க முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும், நார் தட்டில் நிற்கும். எந்தக் காய், எவ்வளவு, எத்தனை முறை என்பதை அவரவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவரும் உணவியலாளரும் சொல்ல வேண்டும்.